வெள்ளை என்ற ஒரு சொல்லும் மூன்று நோய்களும்

சித்தூர், திருப்பதி வட்டாரம் தமிழும் தெலுங்கும் அடுத்தடுத்த வீடுகளில் பேசப்படும் நிலம். பிறப்புறுப்பிலிருந்து வெளிப்படும் கசிவைப் பற்றிச் சொல்ல நேரும்போது அங்குள்ள பெண்கள் தமிழில் ‘வெள்ளைப்படுதல்’ என்பர். தெலுங்கில் ‘தெல்ல பட்ட’ என்பர். ‘தெல்ல’ என்பது வெண்மை, ‘பட்ட’ என்பது துணி. மிகுதியான குருதிப்போக்குக்கு அதே வழக்கில் ‘எர்ர பட்ட’, அதாவது சிவப்புத் துணி என்று பெயர். கண்ணுக்குத் தெரிந்தது துணியில் படிந்த நிறம் மட்டுமே. பெயரும் அந்த நிறத்தோடு நின்றுவிட்டது.

இது பேச்சுவழக்கின் குறைபாடு அன்று. கற்றோர் மொழிகளும் இதையேதான் செய்தன. வடமொழி மருத்துவ வழக்கில் வரும் ‘சுவேத பிரதரம்’ வெண்ணிறப் பெருக்கைக் குறிக்கிறது. ஆங்கில மருத்துவர்கள் நெடுங்காலம் எழுதிவந்த ‘லுகோரியா’ கிரேக்க வேர்களால் ஆன சொல். அதன் பொருளும் வெள்ளை ஒழுக்குதான். சித்த மருத்துவ வழக்கில் ‘வெள்ளை’ என்ற சொல்லே நோயின் பெயராக நிற்கிறது. இத்தனை மொழிகளும் நிறத்தைச் சொல்கின்றன, காரணத்தைச் சொல்வதில்லை.

ஆனால் இன்று மருந்துக்கடையில் விற்கப்படும் மாத்திரை நிறத்துக்கு உரியதன்று, காரணத்துக்கு உரியது. யோனிப் பூஞ்சைத் தொற்றுக்கான மருந்து பூஞ்சையை மட்டுமே ஒடுக்கும். வெண்கசிவுக்குப் பூஞ்சை காரணமாக இல்லாவிட்டால் அந்த மருந்தால் பயனில்லை. சில வேளைகளில் தீங்கும் உண்டு. ஆகவே இம்மருந்தைப் பாதுகாப்பாகப் பயன்படுத்துவது என்பது அளவையும் வேளையையும் பற்றிய கேள்வியாகத் தொடங்குவதில்லை. வெள்ளை என்ற ஒரு சொல்லுக்குள் அடங்கியிருக்கும் வெவ்வேறு நோய்களைப் பிரித்தறிவதில்தான் அது தொடங்குகிறது. அந்தப் பிரித்தறிதலுக்கு மருத்துவ உலகம் நூறாண்டுகளுக்கு மேல் எடுத்துக்கொண்டது.

முதல் பிரிவு பாரிசில் நிகழ்ந்தது. 1836இல் ஆல்ஃபிரட் டொன்னே என்ற பிரெஞ்சு மருத்துவர், பெண்களின் கசிவை நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தபோது அசைந்து திரியும் ஒற்றைச்செல் உயிரி ஒன்றைக் கண்டார். இன்று டிரைக்கோமோனாஸ் என்று அறியப்படும் ஒட்டுண்ணி அது. உடலுறவின் வழியாகப் பரவுவது. மூன்றாண்டுகளுக்குப் பிறகு, 1839இல், ஜெர்மானிய மருத்துவர் பெர்ன்ஹார்டு லாங்கன்பெக் காய்ச்சலில் இறந்த ஒருவரின் உணவுக்குழாயில் வெண்படலமாகப் படர்ந்திருந்த பூஞ்சையை விவரித்தார். 1849இல் இங்கிலாந்தின் வில்கின்சன் இத்தகைய பூஞ்சையைப் பெண்ணின் பிறப்புறுப்பிலும் கண்டு எழுதினார். வெள்ளை இரண்டாகப் பிரிந்தது.

அந்தப் பூஞ்சைக்கு இன்றுள்ள பேரினப் பெயரைச் சூட்டியவர் கிறிஸ்டீன் பெர்க்ஹௌட் என்ற டச்சுப் பெண். 1923இல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்துக்கு அளித்த முனைவர் பட்ட ஆய்வேட்டில் அவர் அதைக் ‘கேண்டிடா’ என்று வகைப்படுத்தினார். இலத்தீனில் அச்சொல் பளிச்சிடும் வெண்மையைக் குறிப்பது. பண்டைய ரோமில் பதவிக்குப் போட்டியிட்டவர்கள் உடுத்திய வெள்ளை ஆடைக்கும் அதே அடைமொழிதான். ‘ஆல்பிகன்ஸ்’ என்ற இனப்பெயருக்கும் வெளுத்துவருவது என்றே பொருள். தெலுங்கு நாட்டுப் பேச்சில் வெள்ளைத் துணி. அறிவியல் இலத்தீனில் வெள்ளை ஆடையை நினைவூட்டும் சொல். இரண்டும் ஒன்றையொன்று அறியாமல் ஒரே உருவகத்தைத் தொட்டன. வேறுபாடு ஒன்றே: இலத்தீன் பெயர் ஒரு குறிப்பிட்ட உயிரினத்தைச் சுட்டுகிறது, நாட்டுப் பெயர் வெள்ளையாகத் தெரியும் அனைத்தையும் சுட்டுகிறது.

மூன்றாம் பிரிவு 1955இல் வந்தது. ஹெர்மன் கார்ட்னர், சார்லஸ் டியூக்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள், பூஞ்சையும் ஒட்டுண்ணியும் இல்லாமலே நாற்றமுள்ள மெல்லிய கசிவு ஏற்படும் பெண்களை ஆராய்ந்து, அதற்குப் பாக்டீரியாவைக் காரணமாகக் காட்டினர். யோனியில் இயல்பாக வாழ்ந்து லாக்டிக் அமிலம் சுரக்கும் லாக்டோபேசில்லஸ் குறைந்து, வேறு பாக்டீரியாக்கள் மிகும் நிலை அது. பிற்காலத்தில் அதற்குப் பாக்டீரியல் வஜைனோசிஸ் என்று பெயராயிற்று.

இம்மூன்றுக்கும் அப்பால் நான்காவதாக ஒன்று உண்டு. அது நோயே அன்று. மாதச் சுழற்சியின் நடுவிலும் கருவுற்ற காலத்திலும் வெண்கசிவு கூடுவது உடலின் இயல்பு. அரிப்போ எரிச்சலோ நாற்றமோ இல்லாத அத்தகைய கசிவுக்கு எந்த மருந்தும் வேண்டியதில்லை. நாட்டுச் சொல் இதையும் ‘வெள்ளை’ என்றே குறிப்பதால், இயல்பான உடலும் நோயுற்றதாகத் தோன்றிவிடுகிறது.

மருந்துகளின் வரலாறு இப்பிரிவுகளை அடியொற்றி வந்தது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பூஞ்சைத் தொற்றுக்கு மருத்துவர் கையிலிருந்தது ஜென்ஷியன் வயலட் என்ற ஊதாச் சாயம். உள்ளே தடவினால் பலன் தரும்; துணியெல்லாம் கறையாகும். 1940களில் நுண்ணுயிர்க்கொல்லிகள் பரவியபோது நிலைமை மாறியது. பாக்டீரியாக்களை அம்மருந்துகள் அழித்த இடத்தில் பூஞ்சை தடையின்றிப் பெருகியது. அக்காலத்தின் பரந்த வீச்சுள்ள மருந்துகளில் முதன்மையானது ஆரியோமைசின். ஆந்திரத்தின் பீமாவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் ஆய்வு இயக்குநராக இருந்த அமெரிக்க லெடர்லி ஆய்வகத்தில், பெஞ்சமின் டக்கர் என்ற தாவரவியலர் அதைக் கண்டறிந்தார். 1948இல் அது உலகுக்கு அறிவிக்கப்பட்டது. எண்ணற்ற உயிர்களைக் காத்த மருந்துக் குடும்பம் அது. ஆனால் ஒரு நோய்க்கு உண்ட மருந்து இன்னொரு நோய்க்கு வழிவிடக்கூடும் என்ற பாடத்தையும் அக்குடும்பமே கற்பித்தது.

அதே 1948இல் அதற்கான மாற்றும் தோன்றத் தொடங்கியது. நியூயார்க் மாநில நலவாழ்வுத் துறையில் பணியாற்றிய எலிசபெத் ஹேசன் நியூயார்க் நகரிலும், வேதியியலாளர் ரேச்சல் பிரௌன் ஆல்பனி நகரிலும் இருந்தபடி, மண் மாதிரிகளிலிருந்து பிரித்தவற்றை அஞ்சலில் பரிமாறிக்கொண்டு ஆய்ந்தனர். வர்ஜீனியாவில் ஹேசனின் நண்பர் ஒருவரது பண்ணை மண்ணில் கிடைத்த நுண்ணுயிரியிலிருந்து பூஞ்சையைக் கொல்லும் பொருள் கிடைத்தது. 1950இல் அதை அறிவித்தனர். மாநிலத்தின் பெயரையே தழுவி ‘நிஸ்டாட்டின்’ என்று அழைத்தனர். 1954இல் அது விற்பனைக்கு வந்தது. அதன் உரிமத் தொகையாகச் சேர்ந்த ஏறத்தாழ 1.3 கோடி டாலரை இருவரும் தமக்கென எடுத்துக்கொள்ளாமல் அறிவியல் ஆய்வுக்கே கொடுத்துவிட்டனர்.

டிரைக்கோமோனாஸுக்கு எதிரான மெட்ரோனிடசோலின் ஆற்றல் 1959இல் வெளியானது. பாக்டீரியச் சமநிலைக் குலைவுக்கும் பின்னர் அதுவே மருந்தாயிற்று. பூஞ்சைக்கு ஜெர்மனியின் பேயர் நிறுவனம் 1969இல் குளோட்ரிமசோலைக் கண்டறிந்து 1973இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. பிரிட்டனில் கென் ரிச்சர்ட்சன் தலைமையிலான ஃபைசர் குழு உருவாக்கிய ஃபுளூகோனசோல் 1988இல் வந்தது. ஒரே ஒரு 150 மில்லிகிராம் மாத்திரையை விழுங்கினால் எளிய பூஞ்சைத் தொற்று நீங்கும் நிலை உருவானது. செய்முறைக்கு மட்டுமே காப்புரிமை தந்த இந்தியாவின் 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் கீழ், உள்நாட்டு நிறுவனங்கள் இத்தகைய மருந்துகளை மலிவாகச் செய்ய முடிந்தது. எனவே சித்தூரின் சிறு கடைக்கும் அந்த மாத்திரை வந்து சேர்ந்தது.

மாத்திரை வந்தது, பரிசோதனை வந்ததா? இக்கேள்விக்கு விடை தேட அவ்வட்டாரத்தின் மருத்துவ வரலாற்றுக்குத் திரும்ப வேண்டும்.

1911 வரை சித்தூரும் வேலூரும் ஒரே வடஆற்காடு மாவட்டம். மாவட்டத் தலைநகர் சித்தூர்தான். அந்த ஆண்டு ஏப்ரல் 1 அன்று சித்தூர் தனி மாவட்டமாயிற்று. அப்போது வேலூரில் பெண்களுக்கான மருத்துவம் வேரூன்றியிருந்தது. 1890களில் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டார் பேறுகாலத்தில் தவித்த தம் பெண்களுக்கு உதவி கேட்டு வந்தனர். ஐடா ஸ்கடரின் தந்தை மருத்துவர். ஆயினும் ஆண் மருத்துவர் வேண்டாம் என்று அவர்கள் மறுத்துவிட்டனர். மூன்று பெண்களும் இறந்தனர். அந்நிகழ்வே ஐடாவை மருத்துவம் படிக்கச் செய்தது. 1900இல் வேலூரில் ஒற்றைப் படுக்கையுடன் தொடங்கிய அவரது பணி, 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியாகி, பின்னர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது.

ஏறத்தாழ நூறாண்டுகள் கழித்து, 1996–97இல், அதே கல்லூரியைச் சேர்ந்த ஆய்வாளர்கள் வேலூர் மாவட்டத்தின் கே.வி.குப்பம் ஒன்றியத்தில் ஓர் ஆய்வு நடத்தினர். சித்தூர் மாவட்டத்துக் குப்பம் வேறு. இது காட்பாடியிலிருந்து குடியாத்தம் செல்லும் சாலையில் உள்ளது. 16 முதல் 22 வயதுக்குட்பட்ட மணமான 451 பெண்கள் அதில் இடம்பெற்றனர். 53 விழுக்காட்டினர் இனப்பெருக்க உறுப்பு சார்ந்த தொல்லைகள் இருப்பதாகக் கூறினர். ஆய்வகச் சோதனையில் தொற்று உறுதியானது 38 விழுக்காட்டினருக்கு. தொல்லை இருப்பதாகச் சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் எந்தச் சிகிச்சையும் நாடவில்லை. அவர்கள் கூறிய காரணங்கள்: அருகிலுள்ள நலவாழ்வு நிலையத்தில் பெண் மருத்துவர் இல்லை; மறைவிடம் இல்லை; தொலைவு; செலவு; இது எல்லாப் பெண்களுக்கும் உள்ளதுதானே என்ற எண்ணம். திண்டிவனத்தில் கேட்ட அதே மறுப்பு, நூற்றாண்டு கடந்தும் முதற்காரணங்களுள் ஒன்றாக நின்றது.

இது ஓர் ஒன்றியத்தின் கதை மட்டுமன்று. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் ராணி பாங் குழுவினர் இரண்டு சிற்றூர்களின் 650 பெண்களைப் பரிசோதித்து 1989இல் வெளியிட்ட ஆய்வில், 92 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு மகளிர் நோய் இருந்தது. அதற்கு முன் அத்தகைய பரிசோதனை செய்துகொண்டவர்கள் 8 விழுக்காட்டினரே. கோவாவில் விக்ரம் படேல் குழுவினர் 2,494 பெண்களிடம் நடத்திய ஆய்வு வேறொன்றைக் காட்டியது. பூஞ்சைத் தொற்று 8.5 விழுக்காட்டினருக்கும், பாக்டீரியல் வஜைனோசிஸ் அதைப்போல் இரு மடங்கினருக்கும் இருந்தன. மேலும், வெள்ளைப்படுவதாகச் சொல்வதற்கும் தொற்று இருப்பதற்கும் உள்ள தொடர்பைவிட, மனச்சோர்வு, கவலை போன்றவற்றோடு உள்ள தொடர்பே வலுவாக இருந்தது. வெள்ளை என்ற சொல்லால் சில பெண்கள் தம் உடலின் களைப்பையும் வாழ்வின் துயரையும் சொல்லிக்கொண்டிருந்தனர். அதற்குப் பூஞ்சை மாத்திரை எவ்வாறு மருந்தாகும்?

ஆய்வகமும் மருத்துவரும் எட்டாத இடங்களுக்காக உலக நலவாழ்வு நிறுவனம் வகுத்த வழி, அறிகுறித் தொகுப்பைக் கொண்டு சிகிச்சை அளிப்பது. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் 2007ஆம் ஆண்டு வழிகாட்டுதலை ஒட்டி, அரசு நிலையங்களுக்கு நிறவாரியாக மருந்து உறைகள் வழங்கப்பட்டன. வெள்ளைப்படுதலுக்கு உரியது பச்சை உறை: செக்னிடசோல் 2 கிராம், ஃபுளூகோனசோல் 150 மில்லிகிராம். முன்னது ஒட்டுண்ணிக்கும் பாக்டீரியாவுக்கும், பின்னது பூஞ்சைக்கும். நுண்ணோக்கி பிரித்த மூன்றையும் ஒரே உறை மீண்டும் ஒன்றாக்கியது. இதை எளிதில் பழித்துவிட முடியாது. திரும்பி வர முடியாத பெண்ணுக்கு வந்த அன்றே மருந்து கிடைப்பது பெரிய நன்மை. ஆனால் அந்த ஏற்பாடு பயிற்சி பெற்ற ஒருவர் கேட்டறிந்து, இயன்றவரை பரிசோதித்துத் தருவதற்கானது. தனியார் கடைகளில் இத்தகைய மருந்துகளோடு அசித்ரோமைசினையும் சேர்த்து ஒரே அட்டையாக விற்கும் வழக்கம் வந்தபோது, கேட்டறிதல் உதிர்ந்தது. கலவை மட்டும் எஞ்சியது.

பெண்களே தம் நோயைச் சரியாகக் கணித்துக்கொள்ள முடியாதா என்ற கேள்வி நியாயமானது. அமெரிக்காவில் 1990 முதல் யோனிப் பூஞ்சைக்கான குளோட்ரிமசோல் மருந்துச் சீட்டின்றி விற்கப்படுகிறது. முன்பு ஒருமுறையேனும் மருத்துவர் உறுதிசெய்த அதே தொல்லை மீண்டும் வந்தால் மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்பது அதன் நிபந்தனை. அவ்வாறு தாமே வாங்கிய 95 பெண்களைப் பரிசோதித்து 2002இல் வெளியான ஆய்வில், பூஞ்சைத் தொற்று மட்டும் இருந்தவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒருவர். ஏனையோருக்குப் பாக்டீரியல் வஜைனோசிஸ், கலப்புத் தொற்று முதலியன இருந்தன. சிலருக்கு எத்தொற்றும் இல்லை. கல்வியும் தாய்மொழியில் அச்சிட்ட விளக்கத்தாளும் வாய்த்த இடத்தின் நிலை அது. சித்தூரிலும் திருப்பதியிலும் அட்டைமேல் இருப்பது பெரும்பாலும் ஆங்கிலம். வாங்குபவரின் தமிழும் அங்கில்லை, தெலுங்கும் அங்கில்லை. உள்ளே வைக்க வேண்டிய மாத்திரையை விழுங்கிவிடும் பிழை அறியாமையால் மட்டும் நேர்வதன்று. சொல்லாமல் விட்டதாலும் நேர்வது.

இவ்வரலாறு தரும் நடைமுறை அறிவு சுருக்கமானது. பூஞ்சைத் தொற்றின் முதன்மை அடையாளம் அரிப்பு. கசிவு தயிர்த்திரள் போலிருக்கும், நாற்றம் பெரிதாக இராது. மீன் நாற்றம் கொண்ட மெல்லிய சாம்பல்நிறக் கசிவு பாக்டீரியாவைச் சுட்டும். நுரைத்த மஞ்சள் அல்லது பச்சைக் கசிவு டிரைக்கோமோனாஸைச் சுட்டும். அதற்குக் கணவருக்கும் சேர்த்தே சிகிச்சை வேண்டும். இவை வழிகாட்டிகளே, தீர்ப்புகள் அல்ல. முதன்முறை வரும் தொல்லை, காய்ச்சல், அடிவயிற்று வலி, குருதி கலந்த கசிவு, சிறுமியருக்கு வரும் தொல்லை ஆகியவற்றுக்குக் கடை மருந்தை நாடாமல் மருத்துவரிடம் செல்வதே தக்கது.

கருவுற்ற பெண்கள் ஃபுளூகோனசோலை விழுங்குவதைத் தவிர்க்க வேண்டும். டென்மார்க்கில் நடந்த பேராய்வு ஒன்று கருச்சிதைவோடு அதற்குள்ள தொடர்பை 2016இல் காட்டியதையடுத்து, அமெரிக்க மருந்து ஆணையமும் அவ்வாண்டே எச்சரித்தது. அவர்களுக்கு உரியது மருத்துவர் சொல்லும் பூச்சு அல்லது உள்ளே வைக்கும் மாத்திரை, பொதுவாக ஏழு நாள்களுக்கு. பூஞ்சைத் தொற்று அடிக்கடி வருவது நீரிழிவு உள்ளவர்களுக்கு. அவர்கள் உண்ணும் கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகளோடு ஃபுளூகோனசோல் சேர்ந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழலாம். குருதி உறையாமல் இருக்க வார்ஃபரின் உண்பவர்களுக்கு ஃபுளூகோனசோல் மட்டுமன்றி, யோனியில் பயன்படுத்தும் மைக்கோனசோலும் குருதிக்கசிவை உண்டாக்கக்கூடும். சிறுநீர் வழியே சர்க்கரையை வெளியேற்றும் டாபாகிளிஃப்ளோசின் வகை மருந்துகளே பூஞ்சைத் தொற்றைத் தூண்டலாம். 2020இல் காப்புரிமை முடிந்தபின் அவை மலிந்து பரவியுள்ளன. அவற்றைத் தாமே நிறுத்தாமல், எழுதித் தந்த மருத்துவரிடம் தொல்லையைச் சொல்ல வேண்டும்.

எண்ணெய் கலந்த பூச்சுகள் ஆணுறையை வலுவிழக்கச் செய்யும். ஸ்டீராய்டு கலந்த பூச்சு அரிப்பை அன்றே அடக்கும். தொற்றை உள்ளே வளரவிடும். தொல்லை தணிந்தது என்று மருந்தைப் பாதியில் விடலாகாது. ஓராண்டில் மூன்று முறையோ அதற்கு மேலோ வந்தால் மீண்டும் மீண்டும் அதே மாத்திரையை வாங்குவது தீர்வன்று. ஃபுளூகோனசோலுக்கு எளிதில் அடங்காத கேண்டிடா இனங்களும் உள்ளன. சர்க்கரை அளவும் பூஞ்சை வளர்ப்புச் சோதனையும் தேவைப்படும்.

திருப்பதியில் 1960 முதல் ஸ்ரீ வெங்கடேஸ்வரா மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. 2014இல் பெண்களுக்கென ஸ்ரீ பத்மாவதி மருத்துவக் கல்லூரியும் தொடங்கப்பட்டது. 1900இல் வேலூரில் ஒற்றைப் பெண் மருத்துவர் இருந்த வட்டாரத்தில் இன்று ஆண்டுதோறும் பெண் மருத்துவர்கள் உருவாகின்றனர். வெள்ளையைப் பிரித்தறியத் தேவையானவையும் அரியவை அல்ல: அமிலத்தன்மை காட்டும் ஒரு துண்டுத் தாள், ஒரு கண்ணாடித் தகடு, ஒரு நுண்ணோக்கி, மறைவுக்கு ஒரு திரை. நோய்க்குப் பெயரிட்டவரும் பெண், முதல் மருந்தைக் கண்டவர்களும் பெண்கள். அந்த அறிவு சிற்றூரின் கடைசி வீட்டுப் பெண்ணை அடைவதற்குள் பெயர் மீண்டும் நிறமாகச் சுருங்கிவிடுகிறது. ‘வெள்ளைப்படுகிறது’ என்று ஒரு பெண் சொல்லும்போது அது நோயின் பெயர் அன்று. உரையாடலின் முதல் சொற்றொடர். அரிப்பு உண்டா, நாற்றம் உண்டா, கருவுற்றிருக்கிறீர்களா, வேறு என்ன மாத்திரை உண்கிறீர்கள் என்ற நான்கு கேள்விகளை அவர் தம் மொழியிலேயே கேட்கப் பெற்றால், மருந்தின் பாதுகாப்பில் பெரும்பகுதி அங்கேயே உறுதியாகிவிடும்.